சமாதானப் பேச்சு

அது 1999. ஒரு நடிகருக்காக இன்டர்நெட்டில் நடந்த ரசிகர் குழுவுக்குத் துளசிங்கம்தான் சம்பளமில்லாத மாடரேட்டர். ஆபீஸ் விட்டதும் தாம்பரம் பிரவுசிங் சென்டருக்கு ஓடி, உறுப்பினர்கள் எழுதும் வசவுகளை அழிப்பதே அவன் வேலை. அதிலும் 'அருவா', 'ஆப்பு' என்ற பெயர்களில் எழுதிய இருவர் நாள் தவறாமல் மோதிக்கொண்டார்கள். "அந்த ரெண்டு பேரையும் தூக்குங்க, இல்லாட்டி நீங்க விலகுங்க" என்று மற்றவர்கள் கெடு வைத்துவிட்டார்கள்.

தூக்குவதற்கு முன் நேரில் பேசிப் பார்ப்போமே என்று, ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் எதிரே டீக்கடைக்கு இருவரையும் வரச் சொன்னான்.

கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் வந்தான். "மாடரேட்டர் சாரா? நான் ஏசுபாதம். அருவா நான்தான்."

"உக்காருங்க. ஆப்பும் வந்துடட்டும்."

"அதுவும் நான்தான் சார்."

துளசிங்கத்துக்கு டீ புரையேறியது. "இன்னாய்யா இது? உன்னை நீயேவா திட்டிக்கினு இருந்தே? உங்கம்மாவைக்கூட விடலையே!"

"இன்னா சார் பண்றது? நம்மாளு படம் வந்து ஒரு வருஷமாச்சு. சண்டையும் இல்லேன்னா குரூப்ல எவன் சார் எட்டிப் பார்ப்பான்?"

"அதுக்காக இப்படியா? இன்னியோட நிறுத்திடுய்யா," என்றான் துளசிங்கம்.

"சரி, நிறுத்திடறேன் சார்," என்றான் ஏசுபாதம். "ஆனா சண்டை ஓயும்போதெல்லாம் 'விடாதே, குத்து'ன்னு ஏத்தி விடறானே 'வண்டலூர் புலி', அவனைக் கூப்பிடலையா?"

துளசிங்கம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தான்.

"அவனும் வந்துட்டான்யா," என்றான் மெல்ல.