கலப்படம்

"இன்னாய்யா மெழுகு விக்கிற? நூல்ல தேச்சா பொடிப்பொடியா உதிருது!"

ஆவடி நாட்டு மருந்துக்கடையில் துலுக்கானம் கத்தினார். அவர் தைத்துக் கொடுத்த தோல்பைகள் மூன்று, தையல் விட்டுத் திரும்பி வந்திருந்தன.

"சுத்தமான தேன்மெழுகு, அண்ணாத்தே," என்றார் கடைக்காரர் கஜபதி.

"பட்டாபிராம், பூந்தமல்லி, எங்க வாங்கினாலும் இதே கதிதான். கலப்படம் பண்ற கை வெளங்குமாய்யா?"

கஜபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு துலுக்கானத்தின் கூடவே அவர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து நூலில் தேய்த்துக் காட்டினார். நூல் வழவழவென்று முறுக்கேறி நின்றது.

"அப்போ நேத்து வாங்கினது மட்டும் ஏன்யா உதிர்ந்துச்சு?"

"கடையிலயே எதையோ கலக்குறாங்க, வேற இன்னா?" என்றாள் துலுக்கானத்தின் மனைவி பஞ்சவர்ணம், நெற்றிக் குங்குமம் கலையாமல் முகத்தைத் துடைத்தபடி.

அப்போது பின்கட்டிலிருந்து பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் குரல் கேட்டது.

"யக்கா, நீ குடுத்த மெழுகு மேல பொட்டு வெச்சா வேர்வைக்கும் அழியமாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் வெட்டிக் குடு. கட்டியில கொறையிற எடத்துல உருக்கி ஊத்த மெழுகுவத்தி நானே கொண்டாந்துட்டேன்!"