நீராழி மாளிகை

இறந்துபோன அரசரின் பெயரை, அவர் உயிர்விட்ட இடத்தைச் சொல்லித்தான் அந்த நாட்டில் கல்லில் வெட்டுவார்கள். கோயில் சுவரோரம் நடந்துவந்த அரசர், ஓரிடத்தை முதுகால் மறைத்து நின்ற கல்தச்சன் சாத்தனை நகரச் சொன்னார். 'நீராழி மாளிகையில் துஞ்சிய' என்று புதிதாய் வெட்டியிருந்தது. அடுத்துப் பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"அங்கே யாரும் சாகவில்லையே."

"தங்கள் தம்பி அனுப்பிய ஓலை, தேவரே. பெயரைப் பிறகு சொல்வாராம்."

வாசலில் பல்லக்கருகே நின்ற தம்பி கூப்பிட்டான். "வெயில் ஏறுகிறது அண்ணா. நீராழி மாளிகையில் படுக்கை விரித்தாயிற்று."

அரசர் எழுத்துக்குள் தங்கியிருந்த கல்தூளை ஊதினார். "வெட்டியது இருக்கட்டும், சாத்தா. பெயரை நாளைக்கு நான் சொல்லி அனுப்புகிறேன்."

பிறகு போய்த் தம்பியின் தோளில் கை போட்டார்.

"நீயும் ஏறு."