வராத தம்பி

தங்கபாய் டீச்சரின் வாயில் பல்வரிசையின் கடைசியில் இருந்த கடைவாய்ப்பல், கடினமான பண்டம் எது வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளும். "எனக்குப் பின்னால் ஞானப்பல் தம்பி வருவான். அவன் மெல்லட்டும்" என்று சொல்லும்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயது முடிந்தும் தம்பி வரவில்லை. நாக்கு தினமும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இன்னும் காணோம் அண்ணே" என்று வந்து சொல்லும். வருகிறவன் கோணலாக வந்து தன்னை இடித்துவிடுவானோ என்று பல்லுக்கு உள்ளூரப் பயமும் இருந்தது.

ஒரு நாள் பல் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஞானப்பல்லுக்கான முளையே உருவாகலை டீச்சர். சிலருக்குப் பரம்பரையா அப்படித்தான். குறை ஒண்ணுமில்லை."

கடைவாய்ப்பல் நாக்கிடம், "அப்போ யாருமே வரப்போறதில்லையா?" என்று கேட்டது.

"இல்லண்ணே. இந்த வரிசையில நீங்கதான் கடைசி."

மறுநாள் பள்ளியில் டீச்சருக்கு யாரோ கடலைமிட்டாய் கொடுத்தார்கள். நாக்கு அதை வேறு பக்கம் தள்ளப் போனது.

"இங்கே கொண்டா" என்றது கடைவாய்ப்பல்.

கடக்கென்று ஒரு சத்தம். மிட்டாயில் பாதி தூளாகி, வெல்லம் வாயெல்லாம் ஊறியது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று நாக்கு கேட்டது.

"பேசாம இரு. இன்னும் பாதி இருக்கு" என்றது பல்.