தண்ணீர் கேட்காத உசிலை

மரக்கன்றுகளுக்குக் குரல் பொருத்தப்பட்ட பிறகு, வறட்சித் தேர்வுப் பண்ணையில் வேலை பார்க்கக் கல்நெஞ்சு வேண்டியிருந்தது. தொண்ணூறு நாள் தண்ணீரில்லாமல் தாங்கும் இனமே நடுவதற்கு மொட்டைமலைக்குப் போகும். இடையில் ஊற்றுகிறவருக்கு வேலை போகும். வேப்பங்கன்று முதல் வாரமே, "கொட்டகையோரத்தவளுக்கு மட்டும் தனிக் கவனிப்பா?" என்று புலம்பத் தொடங்கியது. காவல் பார்த்த பவளக்கொடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகையோரத்து உசிலைக் கன்றோ ஒருநாளும் தாகமென்று வாய் திறக்கவில்லை. அதுதான் ஜெயிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

தொண்ணூறாம் நாள் காலையில் ஆய்வாளர் மெர்லின் உசிலையின் முன் குனிந்தாள். "தண்ணி வேணுமாம்மா?"

"இப்ப வேணாம். பவளக்கொடி அக்கா இன்னும் சாப்பிடலையே!"

பவளக்கொடிக்குச் சுருக்கென்றது. மதியம் சாப்பிட்டதும் தூக்குவாளியில் கை கழுவிய தண்ணீரை, பழக்கதோஷத்தில் அன்றாடம் அதன் தூரில்தானே ஊற்றிவந்தாள்!

அதைச் சொல்லிவிட்டு, "என் வேலை போச்சா, மேடம்?" என்றாள்.

மெர்லின் சிரிப்பை அடக்கமாட்டாமல் பட்டியலில் உசிலையை அடித்தாள். உண்மையிலேயே சொட்டுத் தண்ணீர் காணாமல் பச்சையாக நின்ற வேம்பின் பெயரை எழுதினாள். "மலைக்கு இவுகதான். அஞ்சாயிரம் கன்னும் இதே மாதிரிப் பேசும். கூட இருந்து கேக்க நீங்கதான் போகணும்."

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றது வேம்பு.