கன்னி முயற்சி

“ஆன்ட்டி, மேடை ஏறினதும் கொஞ்சம் தடுமாறணும். முதல் நாவல் எழுதினவங்கன்னா கை கால் நடுங்கணும். அதுதான் அழகு” என்றான் கொசோகோ.

ஹாஜியா ஜும்மாய் தலையைச் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டார். “நடுக்கம் வரலைன்னா என்ன தம்பி பண்றது?”

“வரவழைச்சுக்கணும்.”

ஆப்பிரிக்காவின் சிறந்த முதல் நாவலுக்கான விருது, அபுஜாவின் அந்தப் பெரிய ஹோட்டலில் மாலை ஐந்து மணிக்கு அறிவிக்கப்பட இருந்தது. இறுதிச் சுற்றில் ஆறு பேர். ஐந்து பேருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆறாவது ஆள், கானோவிலிருந்து வந்திருந்த ஐம்பத்தேழு வயது ஜும்மாய். புது ஆட்கள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் எதையாவது உளறிவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு வழிகாட்டியை நியமித்திருந்தார்கள். ஜும்மாய்க்கு வாய்த்தவன் கொசோகோ. விருது அலுவலகத்தின் செயலாளர். லண்டனில் ஒரே ஒரு நாவல் வெளியிட்டு, ஒன்பது வருடமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவன்.

“சரி, ஒத்திகை பாத்துடலாம். இந்த நாவலை ஏன் எழுதினீங்கன்னு கேப்பாங்க.”

“என் மருமக லாகோஸ்காரி. எங்க ஹௌஸா பாஷை படிக்க வராது. எனக்கும் புரியற மாதிரி ஒண்ணு எழுதுங்களேன்னு கேட்டா. அவளுக்காக இங்கிலீஷ்ல எழுதினேன்.”

“ஐயையோ! மருமகளுக்கு எழுதினா அது நாவலா, லெட்டரா? ‘எனக்குள்ள ஒரு கண்டமே அழுதுச்சு’ன்னு சொல்லுங்க.”

“கண்டம் எங்கயாவது அழுமா தம்பி?”

“லண்டன்ல கேட்டா அழும், ஆன்ட்டி. சரி, எங்க உக்காந்து எழுதினீங்க?”

“சமையக்கட்டுலதான். சோறு வேகற நேரத்துல.”

“பிரமாதம்! கரென்ட் இல்லாம, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல…”

“எங்க வீட்டுல ஜெனரேட்டர் இருக்கே.”

“அதை யார் கேட்டா இப்போ?”

அதற்குள் புகைப்படக்காரர் வந்துவிட்டார். பின்னணியில் மண்சுவர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மண்சுவருக்கு எங்கே போவது? கொசோகோ அலைந்து திரிந்து, சலவைக் கூடத்துக்குப் பின்னால் காரை பெயர்ந்த சுவர் ஒன்றைக் கண்டுபிடித்தான். புத்தம்புது லேஸ் உடையில், கொளுத்தும் வெயிலில், ஜும்மாய் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றார்.

“சிரிக்காதீங்க ஆன்ட்டி! கஷ்டப்பட்ட முகம் வேணும்!”

“இந்த வெயில்ல அது தானா வந்துடும் தம்பி.”

திரும்பி வரும்போது கொசோகோ குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. உங்க முடிவு சரியில்ல. கடைசியில அந்தப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டீங்க. முதல் நாவல்ல எல்லாரும் பண்ற தப்பு. அவ செத்திருக்கணும்.”

“செத்தா வாசகருங்க கோவிச்சுக்குவாங்களே?”

“எந்த வாசகருங்க?” கொசோகோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கன்னி முயற்சி ஆன்ட்டி இது! வாசகர்களெல்லாம் இனிமேதான் வரணும்.”

ஜும்மாய்க்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு கானோ பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் லாகோஸிலிருந்து மருமகள் வந்து மண்டபத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அவள் முகத்துக்காகக் கொசோகோவுடனே நடந்தார்.

“உங்க நாவலை எத்தனை பேர் படிச்சாங்க தம்பி?”

“எத்தனை பேருங்கறது முக்கியமில்ல ஆன்ட்டி. யாருங்கறதுதான் முக்கியம்.”

மாலையில் ஜும்மாயின் பெயரைத்தான் அறிவித்தார்கள். அவர் தடுமாறவில்லை, நடுங்கவும் இல்லை. மேடையேறி, “என் மருமகள் இதைப் படித்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள். எனக்கு அது போதும். நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கொசோகோ தலையில் அடித்துக்கொண்டான். கண்டம் அழவே இல்லை.

விட்ட இடத்தைப் பிடிக்க அவனே பத்திரிகைக்காரர்கள் நடுவில் புகுந்தான். “கல்லா வந்தாங்க, நான்தான் செதுக்கினேன். பாவம், நேத்துவரைக்கும் பேனா பிடிக்கத் தெரியாத ஒரு குடும்பத் தலைவி…”

அப்போது மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஹோட்டலின் சமையல்காரிகள், துணி துவைக்கும் பெண்கள், அறை சுத்தம் செய்பவர்கள் என்று நாற்பது பேருக்குக் குறையாமல் உள்ளே வந்தார்கள். ஆளாளுக்குக் கையில் ஒரு புத்தகம். லண்டன் எழுத்தாளரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று கொசோகோ கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனான். அவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஜும்மாயின் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

“ஹாஜியா, நேத்து நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சதும் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தோம்” என்றாள் முதலில் நின்றவள். “என் மகளுக்கு இந்தக் கதாநாயகி பேரைத்தான் வெச்சிருக்கேன். கையெழுத்துப் போடுங்க.”

கொசோகோ அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினான். ஓரம் கிழிந்து பழுப்பேறிய புத்தகம். ஒரு வரியும் புரியவில்லை. அட்டையில் இளவயது ஜும்மாய் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, என்ன இது?”

“அதுவா? அது என்னோட நாலாவது நாவல். மொத்தம் முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணா! விண்ணப்பத்துல ‘இதற்கு முன் நாவல் எழுதியதில்லை’ன்னு எழுதியிருந்தீங்களே! இது மோசடி!”

அடுத்த புத்தகத்தில் கையெழுத்துப் போட்டபடியே ஜும்மாய் சொன்னார்: “நான் முப்பத்தொண்ணையும் வரிசையா எழுதித்தான் தம்பி அனுப்பினேன். ‘ஹௌஸா மொழியில் எழுதியவை நாவல் கணக்கில் வராது, எதுவும் இல்லை என்று திருத்தி அனுப்பவும்’னு பதில் போட்டது நீங்கதானே?”