ஆள் குறைந்த மன்றம்

செயலாளர் சல்யூட் அடித்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் மேஜர் முந்திக்கொண்டார்.

"நல்லவேளை நீயே வந்துட்ட. மன்றத்தை இந்த மாசத்தோட மூடிடலாம்னு இருக்கேன்."



மன்றம் என்றால் அந்தப் படைமுகாமில் கல்யாணமாகாத சிப்பாய்களுக்கான மன்றம். மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு நீளமான கூடம். ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, இரண்டு கேரம் பலகை, சமையல் வகுப்புக்கு ஓர் அடுப்பு, சத்தம் மட்டும் போடுகிற மின்விசிறி. அதிகாரிகள் அதற்கு நீட்டி முழக்கி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். முகாமில் எல்லோருக்கும் அது கட்டைப் பிரம்மச்சாரி மன்றம்தான். செயலாளரும் ஒரு சிப்பாய்தான். அணிவகுப்பு முடிந்த நேரமெல்லாம் அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது அவர் தலையில் விழுந்திருந்தது.

"போன வருஷம் கூடம் நிறைய ஆள் இருந்தாங்க. இப்போ கேரம் ஆட நாலு பேர் சேர மாட்டேங்குது. நான் கூடாரத்தை எல்லாம் வைக்க இடமில்லாம திண்டாடுறேன்."

"எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு சார்."

"கல்யாணமாகாதவங்களைச் சந்தோஷமா வச்சுக்கத்தானே மன்றம். கல்யாணம் பண்ணி வைக்கவா சொன்னோம்?"

செயலாளர் யாருக்கும் பண்ணி வைக்கவில்லை. அதுதான் கொடுமை. ரத்த தானத்துக்கு அழைத்துப்போனால், படுத்து எழுந்தவர்களில் பாதிப் பேர் நர்ஸின் போன் நம்பரோடு வந்தார்கள். சமையல் வகுப்பு வைத்தால், கருகிய முட்டையைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்ல எங்கிருந்தோ ஒருத்தி வந்து சேர்ந்தாள். சரி, நீச்சல் கற்றுக்கொடுத்தால் ஒரு வம்பும் வராது என்று நினைத்தார். நீச்சல் பயிற்சியாளருக்கு ஒரு தங்கை இருந்தாள்.

"எப்படிப் பார்த்தாலும் இது தோத்துப்போன திட்டம்" என்றார் மேஜர்.

அந்தச் சொல்தான் சுருக்கென்று தைத்தது. ரோஷம் வந்துவிட்டால் செயலாளருக்குத் தலைகால் தெரியாது.

"அடுத்த மாசம் புதுப் பசங்க வர்றாங்க சார். ஞாயித்துக்கிழமை ஆனா போர்வையை முகத்து மேல இழுத்து விட்டுக்கிட்டுக் கிடப்பாங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் அப்படிக் கிடந்தவன் சார்."

வீட்டிலிருந்து போன் வந்தால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த காலம் அது. யாரோ ஒருத்தர் கதவைத் தட்டி, கேரமுக்கு ஒரு கை குறையுது, எழுந்து வாடா என்று கூப்பிட்டார். அந்த ஒரு குரல் இல்லாவிட்டால் தான் என்னவாகியிருப்போம் என்று நினைக்கவே செயலாளருக்குப் பயம்.

மேஜருக்கும் மனசு என்று ஒன்று உண்டு. வேலை நேரத்தில் அதை வெளியே எடுக்கமாட்டார், அவ்வளவுதான்.

"சரி, ஒரு வருஷம் தர்றேன். உன்னை நம்பித்தான் தர்றேன், நீதான் நடத்தணும். நடுவுல நீயும் கல்யாணம் கத்திரிக்கான்னு கிளம்பினா அன்னைக்கே பூட்டு."

"நானா? இந்த மூஞ்சிக்கு எவ சார் கழுத்தை நீட்டுவா?"

மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து கையும் கொடுத்தார். முகாமில் யாருக்கும் அவர் அப்படிக் கை கொடுத்ததில்லை.

செயலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். கூடம் தப்பித்தது. புதுப் பையன்களுக்கு அந்தக் கேரம் பலகை இருக்கும். படியிறங்கும்போதுதான், தான் எதைச் சொல்ல வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

முகாமின் வாசலுக்கு வெளியே, வெயிலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த பள்ளிக்கூட டீச்சர் அவரைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"செயலாளர் பொறுப்பை ஒப்படைச்சிட்டீங்களா? வெள்ளிக்கிழமை நம்ம கல்யாணத்துக்கு மேஜர் வர்றாராமா?"

செயலாளர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பி, முகாமின் மதில் முடிந்து, கடைத்தெருவும் வந்துவிட்டது.

"அடுத்த வருஷம் வர்றாராம்" என்றார்.