கெளுத்தி யாரு?

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நம்ம படத்தை ஒரு வூடு பாக்கியில்லாம ஊரே பாத்திருக்கும் குப்பு!”

அப்துல் ரவூப் இதைச் சொன்ன இடம் போலீஸ் லாக்கப். கேட்டுக்கொண்டிருந்த குப்புராஜ் நடுங்கிய நடுக்கத்தில் கம்பிகள் கடகடவென்று ஆடின.

“இன்னா பேசுற பாய்? ஒருத்தன் கண்ணுல படறதுக்குள்ள அச்சடிச்சது அத்தினியும் கொளுத்திட்டாங்க. நான் செதுக்குன மரக்கட்டையும் சாம்பல். மிச்சம் ஒரே ஒரு காயிதம், அதுவும் இன்ஸ்பெக்டர் கையில. ஊரு எப்பிடிப் பாக்கும்?”

“பாக்கும்.”

படத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. மீசை வைத்த கெளுத்தி மீன் ஒன்று நாற்காலியில் சாய்ந்து ஏரியையே உறிஞ்சிக் குடிக்கிறது. பொடி மீன்கள் வெறும் சேற்றில் நின்று கும்பிடுகின்றன. அவ்வளவுதான். ஆனால் பஞ்சாயத்து பிரசிடெண்டு ஏரித் தண்ணீரைத் தன் வயலுக்கே திருப்பிக்கொண்டதும், அவர் மீசை மூக்குக்குக் கீழே புறப்பட்டுப் பொன்னேரி எல்லையில்தான் முடியும் என்பதும் உலகறிந்த சங்கதி.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் அந்த மீசை வந்தது. சற்றுப் பொறுத்து பிரசிடெண்டும் வந்தார்.

“யோவ் பாய், இந்தக் கெளுத்தி யாருய்யா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மீனுங்க. பினாங்குல கடை வெச்சிருந்தப்ப ஜப்பான் படம் நெறைய பாத்திருக்கேன். அங்க அந்தக் காலத்துல ஆள்றவங்களைக் கிண்டலாப் படம் போட்டா தண்டனை. அதனால மரக்கட்டையில மீனு, பூனை, பேயின்னு செதுக்கி அச்சடிச்சாங்க. அந்த மாதிரி இதுவும் ஒரு மீனு.”

“மீனா? இது அப்பிடியே நம்ம...”

“நம்ம?” என்றார் பிரசிடெண்டு. மீசை விறைத்தது.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைச் சட்டென்று மடித்தார்.

“ஊரைக் கேளுங்க சார். ஒரே ஒருத்தன் இது இன்னாருன்னு பேர் சொல்லட்டும், ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போறோம். சொல்லலைன்னா வுட்டுடணும்” என்றார் ரவூப்.

“பாய்! என் பொண்டாட்டி மாசமா கீறா!” என்று அலறினான் குப்புராஜ்.

பிரசிடெண்டுக்கோ ஏக குஷி. “எனக்காகச் சாட்சி சொல்ல ஊர்ல ஆளா இல்ல? ஒரு வூடு வுடாம கேளுய்யா!”

மறுநாள் குப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கைவிலங்கு கண்ணில் ஆடியது. மதியம் கான்ஸ்டபிள் யேசுதாஸ் எட்டிப் பார்த்தார்.

“மேலத்தெரு முடிஞ்சுது. இப்ப இன்ஸ்பெக்டரு நம்ம பிரசிடெண்டோட மச்சான் வூட்டுக்குப் போயிக்கினு கீறாரு.”

“போச்சு பாய். அந்தாளு சொல்லிடுவான்!”

“சொந்த மச்சானைப் போயி எவன்டா கெளுத்தின்னு சொல்லுவான்?” ரவூப் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் முழங்கால் வரை புழுதியோடு வந்து பூட்டைத் திறந்தார்.

“போய்த் தொலைங்கய்யா! தெருத் தெருவாத் தூக்கிப் புடிச்சுக் காட்டுனேன். கெழவன், கொழந்தை ஒருத்தரையும் வுடலை. நல்லா உத்து உத்துப் பாக்குறானுங்க, வாயைப் பொத்திக்கினு உள்ள ஓடுறானுங்க. பேரு மட்டும் ஒருத்தனும் சொல்லலை!”

குப்புராஜ் நடுங்குவதை நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான், ரவூப்பைப் பார்த்தான்.

“ஆமா பாய்... ஒரு வூடு பாக்கியில்ல.”